ஈச்சந்தாங்கல் சாலைக்கு மூன்று கோட்டிங்

நாட்டின் முன்னேற்றத்துக்கு அடிப்படை எது என்று கேட்டால் சிலர் கல்வி என்பார்கள், சிலர் மின்சாரம் என்பார்கள், ஓய்வு பெற்றவர்கள் ஒழுக்கம் என்பார்கள். எல்லோருமே விவரம் போதாதவர்கள். முன்னேற்றத்துக்கு அடிப்படை பளபளப்பு. உலகம் இதை இன்னும் முழுமையாக உணரவில்லை. ஆனால் திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இயங்கிய ‘ஸ்ரீஜோதி டிஜிட்டல் ஸ்டூடியோ’ 2005ஆம் ஆண்டிலேயே இதை ஐயம் திரிபற நிரூபித்துவிட்டது. ஒரு டின் தார் உருக்காமல், ஒரு கூடை ஜல்லி கொட்டாமல், ஒரு தொழிலாளியின் நெற்றியில் ஒரு துளி வியர்வை அரும்பாமல் சாலை போட்டுக் காட்டிய ஸ்டூடியோ அது.

அதன் உரிமையாளர் சரவணகுமார் தொலைநோக்கு உள்ளவர். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ‘டிஜிட்டல்’ என்ற சொல்லைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே இவர் இருட்டறையைக் காலி செய்து, மை பீய்ச்சும் பிரிண்டர் ஒன்றை அங்கே உட்கார வைத்துவிட்டார். “இனிமே கழுவுற வேலையே கிடையாது” என்று அறிவித்து, படம் கழுவும் தொட்டிகளைக் கீழே இருந்த பாத்திரக் கடைக்கே விற்றார்.

கலர் படங்கள் நன்றாகவே வந்தன. தொல்லை கறுப்பு வெள்ளையில்தான். அந்தக் காலத்தில் யார் கறுப்பு வெள்ளை கேட்டார்கள் என்று தோன்றலாம். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கிய வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்கள். மலையைக் கலரில் பார்த்தால் ஞானம் கம்மியாகக் கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. காலமானவர்களுக்கும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் அவர்கள் யாரும் நேரில் வந்து குறை சொன்னதில்லை. எஞ்சிய வாடிக்கையாளர் ஓர் அரசு அலுவலகம். பெயர் வேண்டாம். மாவட்டத்தின் சாலைகள், கால்வாய்கள், பள்ளிக்கூடக் கழிப்பறைகள் ஆகிய அனைத்தும் அந்த அலுவலகத்தின் கோப்புகளில்தான் பிறந்து வளர்ந்தன.

அங்கே ஒவ்வொரு பணிக்கும் ‘வேலைக்கு முன்’, ‘வேலைக்குப் பின்’ என்று புகைப்படம் வைக்க வேண்டும் என்பது விதி. அது கறுப்பு வெள்ளையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. விதி எழுதப்பட்டபோது கலர் இல்லை. கலர் வந்த பிறகு விதியைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். குழு கூடினால் அதைப் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். அந்தப் படம் கறுப்பு வெள்ளையிலா கலரிலா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தக் குழு. ஆகவே குழு இன்னும் கூடவில்லை.

இந்த விதியின் காவலர் ராஜேந்திரன். பதவி உதவியாளர்தான். ஆனால் அவர் மேசையைத் தாண்டாமல் மாவட்டத்தில் ஒரு கல் ஒரு கல்லின் மேல் உட்கார முடியாது. சரவணகுமார் தன் பிரிண்டரில் வந்த முதல் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுபோய் அவரிடம் பயபக்தியோடு நீட்டினார்.

“இன்னா இது?” என்றார் ராஜேந்திரன்.

“போட்டோ சார்.”

“ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்து போட்டோன்றீங்க.”

“இல்ல சார், புது மிஷின்ல போட்டது.”

ராஜேந்திரன் படத்தைத் தலைக்கு மேல் தூக்கி, அப்படியும் இப்படியும் சாய்த்தார். “டியூப் லைட் தெரியல பாருங்க.”

“டியூப் லைட்டா சார்?”

“ஒரிஜினல் போட்டோன்னா அதுல நம்ம ஆபீஸ் டியூப் லைட்டு தெரியணும். நான் சர்வீஸ்ல சேந்த நாள்லேர்ந்து இதான் டெஸ்ட்டு.”

“கரண்ட் இல்லாத நாள்ல என்னா சார் பண்ணுவீங்க?”

“அன்னிக்கு ஃபைலே பாக்க மாட்டேன்.”

பிரிண்டரில் வந்த படங்கள் உண்மையில் மங்கலாகத்தான் இருந்தன. கறுப்பு கறுப்பாக இல்லாமல் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கொஞ்சம் சாய்த்தால் செம்பு நிறத்தில் மினுங்கி, நிமிர்த்தினால் மீண்டும் சாம்பலானது. சரவணகுமார் வருந்தினார். தொட்டிகளைத் திரும்ப வாங்கலாமா என்று பாத்திரக் கடையில் விசாரித்தார். அவற்றில் மாட்டுக்குத் தவிடு கரைக்கிறார்கள் என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில் அருணாசலேசுவரரின் அருள் ஒரு வெள்ளைக்காரர் வடிவில் மாடிப்படி ஏறி வந்தது. மலையை ஓயாமல் படம் எடுத்தவர் அவர். தன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு வார்னிஷ் ஸ்ப்ரே டின்னைக் குலுக்கி, மங்கலான படத்தின்மேல் புஸ்ஸென்று அடித்தார். காய்ந்ததும் மலை கருங்கல்லாக ஜொலித்தது. விசா முடிந்து ஊருக்குப் போகும்போது தண்ணீர் வடிகட்டியையும் கொசுவலையையும் வீட்டுக்காரரிடமும், மிச்சமிருந்த டின்களைச் சரவணகுமாரிடமும் விட்டுச் சென்றார். தீர்ந்தபின் அதே சரக்கைச் சென்னையில் தேடிப் பிடித்தார் சரவணகுமார். அதற்கு ‘கோட்டிங்’ என்று பெயர் சூட்டினார்.

கோட்டிங் அடிக்கும் பொறுப்பு மதிவதனியிடம் வந்தது. பகலில் ஸ்டூடியோவில் வேலை, மாலையில் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் வகுப்பு என்று இருந்த பெண். ஒரு வேலையை மூன்று முறை சரிபார்ப்பாள். நான்காவது முறை, மூன்று முறை பார்த்தது போதுமா என்று பார்ப்பாள். இப்படிப்பட்டவர்களால்தான் நாட்டில் பல காரியங்கள் தாமதமாகின்றன என்று சரவணகுமார் அவ்வப்போது சொல்வார். ஆனால் கோட்டிங்குக்கு அவளைப் போல் ஆள் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பிரிண்டரில் படம் வந்ததும் ஒரு நாள் முழுக்கக் காயவிடுவாள். ஃபேனை நிறுத்துவாள். தூசி எழாமல் தரையில் தண்ணீர் தெளிப்பாள். படத்தைப் பலகையில் சாய்த்து, கைநீளத்துக்குத் தள்ளி நின்று, படத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி மெல்லிசாக இடவலமாக ஒரு கோட்டிங். அது காய்ந்ததும் மேலிருந்து கீழாக இன்னொன்று. கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் வழியும். மழை ஈரத்தில் அடித்தால் பால்போல் வெளுக்கும். ஒவ்வொரு முறையும் கோட்டிங் அடிக்காத பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். முடிந்ததும், “அண்ணா, இது சரியா இருக்கா?” என்று கேட்பாள்.

“உன்னை யாரு சரியில்லன்னு சொன்னா?” என்பார் சரவணகுமார்.

“யாரும் சொல்லல. அதான் கேக்குறேன்.”

ராஜேந்திரன் படங்களைச் சாய்த்தார். டியூப் லைட் தெரிந்தது. ஜெராக்ஸ்கள் அன்றுமுதல் ‘ஒரிஜினல்’ ஆயின.

மதிவதனியின் ஊர் ஈச்சந்தாங்கல். கீழ்பென்னாத்தூர் தாண்டி, பஸ் நிற்கும் திருப்பத்திலிருந்து உள்ளே போக வேண்டும். உள்ளே போவது என்பது ஒரு சொல் வழக்கு. மழைக் காலத்தில் உண்மையாகவே உள்ளே போய்விடுவார்கள். செம்மண் தடம், டிராக்டர் சக்கரம் உழுதுவிட்ட இரண்டு பள்ளம், நடுவில் ஒரு முதுகு. வகுப்பு முடிந்து அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா எல்லம்மாள் திருப்பத்தில் டார்ச் விளக்கோடு நின்றிருப்பாள்.

“இன்னும் எத்தினி நாளைக்குடி நான் இங்க வந்து காவல் நிக்கிறது?” என்றாள் எல்லம்மாள் ஒரு நாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

“மினி பஸ் வரப்போவுதும்மா. ரோடு போட்டா வுடறோம்னு சொல்லிட்டாங்க.”

“ரோடு எப்ப போடுவாங்களாம்?”

“சாங்ஷன் ஆயிடுச்சாம்.”

“யாருக்கு?”

 கேள்வி சரியானதுதானா என்று மதிவதனி யோசித்தாள்.

“இங்க பாரு. தீபம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பஸ்ஸு வந்துச்சின்னா படி, வேலைக்குப் போ, ஜம்முனு போயிட்டு வா. வரலன்னா ரெண்டையும் வுட்டுட்டு வூட்ல குந்து. உங்கப்பன் கிட்ட பதில் சொல்லி என் வாய் வலிக்குது, சேத்துல நடந்து கால் வலிக்குது.”

ஆவணியில் நல்ல மழை. மழை விட்ட மறுநாள் ஒப்பந்ததாரர் அப்பாசாமி ஸ்டூடியோ மாடியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு செல்போன். ஒன்று பேசுவதற்கு, மற்றது எடுக்காமல் இருப்பதற்கு.

“ஒரு ‘வேலைக்கு முன்’ போட்டோம்மா. அர்ஜெண்ட்டு. இது போயி சேந்தாத்தான் வேலை ஆரம்பிக்க முடியும். ஈச்சந்தாங்கல் ரோடு.”

“அண்ணா, அது எங்க ஊரு!”

“அப்படியா?” அப்பாசாமி அவளை இரக்கத்தோடு பார்த்தார். “அங்க எதுக்கும்மா குடியிருக்கீங்க?”

கணினித் திரையில் அவர் கொண்டுவந்த படம் விரிந்தது. அவள் ஊர்த் தடம்தான். பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, சேறு வழவழவென்று கிடந்தது. ஓரத்தில் ஓர் ஆடு கேமராவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மதிவதனி அன்று வேறு எந்த வேலையையும் தொடவில்லை. இந்தப் படம் நன்றாக வந்தால் ராஜேந்திரன் தட்டிக் கழிக்க மாட்டார். தட்டிக் கழிக்காவிட்டால் சாலை. சாலை வந்தால் பஸ். பஸ் வந்தால் வகுப்பு. வழக்கமாக இரண்டு கோட்டிங். தன் ஊருக்காக மூன்றாவதாக ஒன்றும் கொடுத்தாள்.

செம்மண்ணிலிருந்து சிவப்பைக் கழித்தால் மிஞ்சுவது கருமை. ஈரம் அதை இன்னும் கருக்கும். அதன்மேல் மூன்று கோட்டிங்கும் ஏறியபோது, ஈச்சந்தாங்கல் தடம் கறுகறுவென்று, கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு, அடிவானம் வரைக்கும் ஓடியது.

படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரையிட்டு, செய்தவர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ராஜேந்திரனின் சொந்த விதி. சரவணகுமாருக்குக் காய்ச்சல். மதிவதனி, ஒப்பிட்டுப் பார்த்த மங்கல் பிரதியையும் அதே உறையில் போட்டுக்கொண்டு அப்பாசாமியோடு போனாள்.

ராஜேந்திரன் படத்தைச் சாய்த்தார். டியூப் லைட் தெரிந்தது. டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் இருந்த பல்லியும் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“ரோடுன்னா இது ரோடு! எப்போ முடிச்சீங்க அப்பாசாமி?”

அப்பாசாமி வாயைத் திறந்தார். அந்த நொடியில் அவர் எதுவும் பேசாமல் அதை மூடிக்கொண்டதை மாவட்ட வளர்ச்சி வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் குறிப்பிட வேண்டும்.

“சார், இது வேலைக்கு முன்னாடி எடுத்தது” என்றாள் மதிவதனி.

“நீ யாரும்மா?”

“ஸ்டூடியோலேர்ந்து வர்றேன் சார். கோட்டிங் நான்தான் அடிச்சேன்.”

“கோட்டிங் நல்லா இருக்கு. ரோடும் நல்லா இருக்கு. இது தார் இல்லன்னா வேற இன்னா?”

“சேறு சார்.”

“சேறு இப்படி மின்னுமா? காலமெல்லாம் ரோடு ஃபைல் பாக்குறவன் நான். எனக்கு தாருக்கும் சேத்துக்கும் வித்தியாசம் தெரியாதுன்றியா?”

“சின்னப் பொண்ணு சார், வுட்டுடுங்க” என்றார் அப்பாசாமி. “அய்யா கண்ணு தப்புமா?”

“சரி, வேலைக்கு முன் போட்டோ எங்க?”

அப்பாசாமி உறைக்குள் கையை விட்டார். மங்கல் பிரதி கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்து, முதலில் தான் பார்த்து, பிறகு மேசைமேல் வைத்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று சாம்பல், ஒன்று கருங்கண்ணாடி.

“இதுல டியூப் லைட் தெரியலயே.”

“வேலைக்கு முன்னாடி சார். முன்னேற்றம் வர்றதுக்கு முன்னாடி எப்படி மின்னும்?”

ராஜேந்திரன் நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை காலமாக ஒரு பெரிய தத்துவம் தன் மேசைமேலேயே கிடந்ததையும், தான் அதைக் கவனிக்காமல் இருந்ததையும் உணர்ந்தார். பேனாவை எடுத்து, அங்கேயே ஒரு ‘தெளிவுரை’ எழுதினார்: ‘வேலைக்கு முன் எடுக்கும் படம் மங்கலாகவும், வேலைக்குப் பின் எடுக்கும் படம் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும்.’ பிறகு மறுபடியும் குனிந்து பார்த்தார்.

“ரெண்டுலயும் அதே ஆடு நிக்குது.”

“அந்த ஊரு ஆடு சார். வேற எங்க போவும்?”

“ரெண்டுலயும் ஒரே மாதிரி திரும்பிப் பாக்குதே.”

“வேலை முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு பாத்துக்கினே இருந்துச்சு சார். அவ்ளோ ஆர்வம்.”

‘பணி பொதுமக்களின் ஆர்வமிக்க பங்கேற்புடன் நிறைவடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார் ராஜேந்திரன். இப்படியாக, சுற்றிக்கொண்டிருந்த ஒரு மின்விசிறியின் கீழ், ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஈச்சந்தாங்கல் சாலை போடப்பட்டது.

படியிறங்கும்போது மதிவதனி அப்பாசாமியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். “அண்ணா, ரோடு எப்ப போடுவீங்க?”

“போட்டாச்சேம்மா.”

“யாரு போட்டது?”

“நீதான்!” என்றார் அப்பாசாமி உண்மையான மதிப்போடு. “மூணு கோட்டிங்ல முடிச்சிட்டியே. என் மேஸ்திரிக்கு மூணு மாசம் ஆவும்.”

நல்ல செய்தி பரவ நாளாவதில்லை. ஒப்பந்ததாரர்கள் சின்னக்கடைத் தெரு மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். சரவணகுமார் காய்ச்சலிலிருந்து எழுந்து, பொறியாளர்போல் பேசத் தொடங்கினார். “ஜல்லி ரோடுன்னா ஒரு கோட்டிங் போதும். தார் ரோடுன்னா மூணு. ஏரிக்கரைக்கு அடிக்கலாம், ஆனா தண்ணி நிக்கிற கேரண்டி கிடையாது.” ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் மொசைக் ஆனது. வறண்டு கிடந்த ஒரு குடிநீர்த் தொட்டி, படத்தில் தளும்பியது. ஸ்டூடியோ வாசலில் புதுப் போர்டு ஏறியது: ‘இங்கு அரசுப் பணிகள் உடனுக்குடன் முடித்துத் தரப்படும்.’

“அண்ணா, இது தப்பு இல்லையா?” என்று கேட்டாள் மதிவதனி.

“எது?”

“சேத்தை ரோடுன்றது.”

“நாம எங்கம்மா ரோடுன்னோம்? படம் வந்துச்சு, கோட்டிங் அடிச்சோம். அதைப் பாத்துட்டு அவங்க ரோடுன்னா அது அவங்க ரசனை.”

“எங்க ஊருக்குப் பஸ் வராதுண்ணா. வரலன்னா என்னை வேலையை வுட்டு நிறுத்திடுவாங்க.”

“ஏன் வராது? ரோடு போட்டாச்சுன்னு கவர்மெண்ட்டே சொல்லிடுச்சே. கவர்மெண்ட்டை நம்பாம உங்கம்மா யாரை நம்புறாங்க?”

மதிவதனிக்கு எப்போதும் முதலில் சந்தேகம் வருவது தன்மேல்தான். இத்தனை பேர் சாலை என்கிறார்கள், தான் ஒருத்திதான் சேறு என்கிறோம். படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள், கையெழுத்துப் போடுகிறவர்கள். அன்று மாலை திருப்பத்தில் இறங்கியதும், ஒருவேளை இருக்குமோ என்று காலை அழுத்தி வைத்துப் பார்த்தாள். கணுக்கால் வரை தெளிவு கிடைத்தது.

ஐப்பசியில் மினி பஸ் வந்தது. அந்தக் கதையை எல்லம்மாள் டார்ச்சை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

“வந்துச்சுடி பஸ்ஸு! ரோடு ரெடின்னு காயிதம் வாங்கிக்கினு, மாலை எல்லாம் போட்டுக்கினு வந்துச்சு. திருப்பத்துல நின்னுச்சு. டிரைவரு இறங்கிப் பாத்தான். ‘ரோடு எங்க?’ன்னான். ‘இதாம்பா’ன்னோம். ‘இது ரோடா? நாத்தாங்கால். நாத்து நட்டுட்டுச் சொல்லுங்க, அறுப்புக்கு வர்றேன்’னு சொல்லிட்டுப் போயிட்டான்.”

“அம்மா, நான் மனு குடுக்குறேன்.”

“குடு. தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கு. நான் சொன்ன வார்த்தையை மாத்த மாட்டேன்.”

திங்கட்கிழமை மனு கொடுத்தாள். நம் நிர்வாகத்தில் மனுக்கள் தொலைவதில்லை. எந்த அலுவலகத்தைப் பற்றிப் புகாரோ, அதே அலுவலகத்துக்குப் பத்திரமாக அனுப்பிவைக்கப்படுகின்றன. மனு ராஜேந்திரனின் மேசைக்கு வந்தது. அவர் அவளை அன்போடு உட்கார வைத்தார்.

“ரோடு இல்லன்றதுக்கு ஆதாரம் இருக்கா?”

அவள் முந்தின நாள் தானே எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினாள். கோட்டிங் அடிக்கவில்லை. அவர் சாய்த்துப் பார்த்தார்.

“மங்கலா இருக்கே. மங்கல்னா வேலைக்கு முன். இதான் ஏற்கெனவே ஃபைல்ல இருக்கே.”

“இது நேத்து எடுத்தது சார்.”

“நேத்து எடுத்திருந்தா ஏன் மின்னல?”

அடுத்த திங்கட்கிழமை, வேறு வழியில்லாமல், அதே படத்துக்கு ஒரே ஒரு கோட்டிங் கொடுத்துக் கொண்டுபோனாள். ராஜேந்திரன் சாய்த்தார்.

“டியூப் லைட் தெரியுது. ரோடு ஜோரா இருக்கு. அப்புறம் எதுக்கும்மா மனு?”

அதற்கடுத்த வாரம் கலர்ப் படம் எடுத்துப் போனாள். சேறு சேற்றின் நிறத்திலேயே இருந்தது. ராஜேந்திரன் அதைக் கையிலேயே வாங்கவில்லை. “கலர் விதியில இல்லம்மா. கலர்ல எடுத்தா எல்லாமே கண்ணுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் ஃபைல் எதுக்கு?”

“அப்போ நேர்ல வந்து பாருங்க சார்.”

“எனக்கு வரணும்னு ஆசைதாம்மா” என்றார் ராஜேந்திரன். “ஆனா அந்த ரோட்டுல ஜீப் போவாது.”

 தான் சொன்னதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று ராஜேந்திரன் யோசித்துப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. மனுவின்மேல் எழுதினார்: ‘மனுதாரர் கோரிய சாலை, அவர் கோருவதற்கு முன்பே போடப்பட்டுவிட்டபடியால், கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது.’

தீபம் வந்தது. மலைமேல் கொப்பரையில் ஏற்றிய ஜோதியை ஈச்சந்தாங்கல் மேட்டிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். எல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மகளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

“நாளையிலேர்ந்து போவாத.”

“வகுப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தாம்மா இருக்கு.”

“எனக்கு மட்டும் ஆசையா? பஸ்ஸு வந்தா போன்னுதானே சொன்னேன். பஸ்ஸு எங்கடி?”

மதிவதனி வேலையையும் வகுப்பையும் விட்டாள். இதனால் நாட்டின் வளர்ச்சி தேங்கிவிடவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். சரவணகுமார் தானே டின்னை எடுத்தார். மழை ஈரத்தில், ஃபேனைச் சுழலவிட்டு, பொறுமையில்லாமல் ஒரே மூச்சில் அடித்தார். படங்கள் எல்லாம் பால்போல் வெளுத்தன. அந்த வாரம் போய்ச் சேர்ந்த தார்ச் சாலைகள் அனைத்தையும் ராஜேந்திரன் ‘சிமெண்ட் சாலைகளாகத் தரம் உயர்த்தப்பட்டவை’ என்று குறித்துக்கொண்டார்.

கார்த்திகை முடிவதற்குள் ஈச்சந்தாங்கல் சாலையின் திறப்பு விழாவை நடத்திவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தச் சாலையில் வண்டி போகாது என்பதால், விழாவை அலுவலகக் கூட்ட அரங்கில் வைத்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவாயிற்று. படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மேடையில் நிறுத்தினார்கள். குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ஆட்டின் கழுத்தை மறைக்காதபடி ரிப்பனைச் சற்று மேலே ஏற்றிக் கட்டியதில் ராஜேந்திரனின் அழகுணர்ச்சி வெளிப்பட்டது.

‘சாலைக்கு மெருகூட்டிய கலைஞர்’ என்று மதிவதனிக்கும் அழைப்பு போயிருந்தது. “போயிட்டு வாடி, பெரிய ஆபீசரு வர்றாராம். ஒரு வார்த்தை கேட்டுட்டு வா” என்று எல்லம்மாளே அனுப்பிவைத்தாள். காலையில் நல்ல மழை. மதிவதனி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பம் வரை நடந்து, பஸ் பிடித்து, அரங்கத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

பெரிய அதிகாரி ரிப்பனை வெட்டினார். கைதட்டல். அப்பாசாமிக்குப் பொன்னாடை, சரவணகுமாருக்குப் பொன்னாடை. “சாலை என்பது தார் அல்ல, ஜல்லி அல்ல, அது ஒரு தொலைநோக்கு” என்றார் அதிகாரி. கைதட்டல். பிறகு மதிவதனி மேடைக்கு அழைக்கப்பட்டாள்.

“உனக்கு எந்த ஊரும்மா?” என்று மைக்கிலேயே கேட்டார் அதிகாரி.

“ஈச்சந்தாங்கல் சார்.”

“அடடே! அப்போ இந்த ரோட்டுலதான் வந்தியா?”

“ஆமாங்க சார்.”

“எப்படிம்மா இருக்கு?”

கேட்க நினைத்ததை எல்லாம் அவள் பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். எதை முதலில் சொல்வது சரியாக இருக்கும் என்று தெரியாமல், தலைகுனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அதிகாரியும் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சேறு காய்ந்தும் காயாமலும் அப்பியிருந்தது.

“ஏம்மா” என்றார் அதிகாரி உரிமையோடு கடிந்துகொண்டு, “இவ்ளோ நல்ல ரோடு போட்டுக் குடுத்தும், நீங்கள்லாம் வயக்காட்டுல இறங்கித்தான் வருவீங்களா?”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பலத்த கைதட்டல். வாசலிலிருந்து மேடை வரைக்கும் வெள்ளைத் தரையில் அவளுடைய சேற்றுக் கால்தடங்கள், அவள் பேசாததை எல்லாம் பேசிக்கொண்டு, வரிசையாகப் பதிந்திருந்தன. அந்தப் புகழ்மிக்க அவையில் இருந்த ஒருவர் கண்ணிலும் அவை படவில்லை என்று நம் எதிரிகள் சொல்லக்கூடும். அது அவதூறு. விழா முடிந்து டீ வந்துவிட்டது என்று சொன்னதும், பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் அலுவலர்களும் எழுந்து, ஒருவர்கூட அந்தத் தடங்களை மிதித்துவிடாமல், வேட்டியையும் பேண்ட்டையும் கவனமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.